பன்னிரண்டாம் படகில் 46 பேர்: சிறுவர் நாவல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சிறுவர்களுக்கு வரலாற்று நாவல் எழுதுகிறவர்களுக்கும், மொழிபெயர்க்கிறவர்களுக்கும், அவற்றை அச்சிட்டுக் கொண்டுவரும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் எழுத்தாளர் இல்லை. சனிக்கிழமை மாலைகளில் ஒரு நூலகத்தின் சிறுவர் பிரிவில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறவள். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பேய்க் கதைக்கு அடுத்தபடியாக அவர்கள் கேட்டு வாங்குவது கப்பல் மூழ்கும் கதைகளைத்தான். அதுவரை காலை ஆட்டிக்கொண்டும் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளிக்கொண்டும் இருப்பவர்கள், கப்பல் ஒரு பக்கம் சாயத் தொடங்கியதும் அப்படியே உறைந்துபோவார்கள். உங்கள் எழுத்துக்கு அந்த வலிமை இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு அப்படி ஒரு நாவலை வாசித்து முடித்தோம். பெயர் வேண்டாம், ஒரு புத்தகத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கதையும் உங்களுக்குப் பழகிய கதைதான். ஒரு பையன் கப்பல் ஏறுகிறான், நடுக்கடலில் விபத்து, எல்லோரும் கதறுகிறார்கள், அவன் மட்டும் பதறாமல் யோசிக்கிறான், தப்பிக்கிறான், கடைசிப் பக்கத்தில் அம்மாவைக் கட்டிக்கொள்கிறான். புத்தகத்தை மூடினேன். வழக்கமாகக் கை தட்டுவார்கள். அன்று பத்து வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அப்போ தண்ணில செத்துப்போனாங்களே, அவங்க எல்லாம் பயந்தாங்கொள்ளிங்களா?”

அப்படியெல்லாம் இல்லம்மா என்றேன்.

“பின்னே அவன் மட்டும் ஏன் பொழைச்சான்? தைரியமா இருந்ததாலதானே?”

பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தை மறுபடி புரட்டினேன். அவள் தவறாகப் படிக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் நாவல் அதைத்தான் சொல்கிறது. பயந்தவன் மூழ்குகிறான், துணிந்தவன் கரை சேர்கிறான். பள்ளியில் பரிசு கொடுப்பது போல உயிரைக் கொடுக்கிறது கதை.

அதன் பிறகு நடந்த விபத்துகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் ஒன்று என்னை விடவே இல்லை. அதைச் சொல்கிறேன், அப்புறம் உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

1940. இரண்டாம் உலகப் போர். ஜெர்மானிய விமானங்கள் பிரிட்டன் நகரங்கள் மேல் குண்டு போடுகின்றன. பிள்ளைகளைக் கடல் கடந்து கனடா போன்ற நாடுகளுக்கு அனுப்பிவைக்க அரசே ஒரு திட்டம் போடுகிறது. செப்டம்பர் 13 அன்று லிவர்பூலிலிருந்து சிட்டி ஆஃப் பெனாரஸ் என்ற பயணிகள் கப்பல் புறப்படுகிறது. அதில் இந்தத் திட்டத்தில் சேர்ந்த 90 பிள்ளைகள். கூட வந்த காவல் கப்பல்கள் செப்டம்பர் 17 அதிகாலையில், எதிர்த்திசையில் வரும் இன்னொரு கப்பல் அணிக்குத் துணை போக விலகிக்கொள்கின்றன. அன்று இரவு பத்து மணி வாக்கில் யு-48 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ, அதாவது நீருக்குள் பாய்ந்து வரும் குண்டு, வந்து தாக்குகிறது. பிள்ளைகள் படுத்துவிட்ட நேரம். வெளியே புயல் காற்று. அரை மணி நேரம் போலத்தான், கப்பல் உள்ளே போய்விட்டது.

90 பிள்ளைகளில் பிழைத்தவர்கள் 13 பேர்.

இந்தப் பதின்மூன்றை வைத்துத்தான் நாவல்கள் எழுதப்படுகின்றன. மற்ற 77 பேர் கூச்சலாகவும் இருட்டாகவும் பின்னணியில் நின்றுவிடுகிறார்கள். அந்த 77 பேரில் ஐந்து பேர் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லண்டனில் அவர்கள் வீடு குண்டில் போனதால் அனுப்பப்பட்டவர்கள். ஐந்தில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஐந்து பேரும் கோழைகளா?

இன்னொன்றையும் பாருங்கள். இதற்கு இரண்டரை வாரம் முன்பு, ஆகஸ்ட் 30 அன்று, இதே திட்டத்தில் 300க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஏற்றிப்போன வோலண்டம் என்ற கப்பலும் டார்பிடோவில் அடிபட்டது. அதில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். கப்பல் உடனே மூழ்கவில்லை, படகுகளை இறக்க நேரம் கிடைத்தது, பக்கத்தில் வந்த கப்பல்கள் அவர்களை ஏற்றிக்கொண்டன. அப்படிப் பிழைத்தவர்களில் இரண்டு பேரை மறுபடி கப்பல் ஏற்றினார்கள். அந்தக் கப்பல் சிட்டி ஆஃப் பெனாரஸ். இந்த முறை இருவருமே பிழைக்கவில்லை.

அதே பிள்ளைகள். முதல் கப்பலில் இருந்த தைரியம் இரண்டாவது கப்பலில் குறைந்தா போயிருக்கும்? மாறியது காற்று, கப்பல் மூழ்க எடுத்துக்கொண்ட நேரம், பக்கத்தில் இருந்த உதவி. பெனாரஸின் படகுகள் பல சாய்ந்த கப்பலிலிருந்து கோணலாக இறங்கி நீரை மொண்டுகொண்டன. இடுப்பளவு தண்ணீரில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் குளிரில் விறைத்து இறந்தார்கள். அவர்களும் படகில் ஏறியவர்கள்தான். கதையில் வரும் பையன் செய்த எல்லாவற்றையும் செய்தவர்கள்தான்.

“பெண்களும் குழந்தைகளும் முதலில்” என்ற வசனம் உங்கள் நாவல்களில் தவறாமல் வரும். வரட்டும், டைட்டானிக்கில் அப்படி ஒரு கட்டளை இருந்தது உண்மைதான். ஆனால் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர்கள் இருவர் 18 கப்பல் விபத்துகளை எடுத்து எண்ணிப் பார்த்து 2012ல் வெளியிட்ட கணக்கு வேறு கதை சொல்கிறது. அந்த விபத்துகளில் கப்பல் ஊழியர்கள் 61 சதவீதம் பிழைத்திருக்கிறார்கள், ஆண் பயணிகள் 37, பெண்கள் 27, குழந்தைகள் 15. டைட்டானிக்கிலேயே முதல் வகுப்பில் இறந்த குழந்தை ஒன்றே ஒன்று. மூன்றாம் வகுப்பில் இருந்த 79 குழந்தைகளில் பிழைத்தவர்கள் 27 என்கிறது பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை. எந்தத் தளத்தில் படுக்கை கொடுத்தார்கள், படகுத் தளத்துக்குப் போகிற வழி யாருக்குத் தெரிந்திருந்தது என்பதெல்லாம் அந்த 79க்குள் இருக்கிறது. இதைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் புரியாது என்கிறீர்களா? வகுப்பில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் எப்படி நடத்துவார்கள் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது பன்னிரண்டாம் படகு.

பெனாரஸிலிருந்து இறங்கிய படகுகளில் ஒன்று அது. மறுநாள் ஹரிக்கேன் என்ற போர்க்கப்பல் வந்து தேடி, 105 பேரை மீட்டது. ஆனால் எண்ணிக்கையில் ஒரு பிசகு. அதே இரவு மரீனா என்ற இன்னொரு கப்பலும் மூழ்கடிக்கப்பட்டிருந்தது. அதன் படகு ஒன்றைப் பெனாரஸின் படகு என்று கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கணக்கு சரியாகிவிட்டது, தேடல் முடிந்தது. பன்னிரண்டாம் படகு மட்டும் அலைமேல் தனியாகக் கிடந்தது. மூன்று வாரத்துக்கு வேண்டிய உணவு இருந்தது, தண்ணீரோ ஒரு வாரத்துக்குத்தான்.

எட்டு நாள். அந்தப் படகில் இருந்தவர்கள் 46 பேர். ஆறு சிறுவர்கள், அவர்களைப் பார்த்துக்கொண்ட மேரி கார்னிஷ் என்ற பியானோ ஆசிரியை, ஒரு பாதிரியார், போலந்துக்காரர் ஒருவர், நான்காம் அதிகாரி ரொனால்ட் கூப்பர், இன்னும் நான்கு கப்பல்காரர்கள். மீதி 32 பேர் இந்திய மாலுமிகள்.

நாவல்களில் அந்த ஆறு பையன்கள் இருப்பார்கள். மேரி கார்னிஷ் இருப்பார், இருக்க வேண்டியவர்தான். அந்தப் படகில் இருந்த ஒரே பெண். பையன்கள் தூங்கிச் சோர்ந்துவிடாமல் இருக்க ஒரு துப்பறியும் சாகசக் கதையைத் தானே கட்டி, நாளுக்குக் கொஞ்சமாக நீட்டி நீட்டிச் சொன்னவர். விறைத்த கால்களைத் தேய்த்துவிட்டவர். கதை வாசிக்கிறவள் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு, ஒளிப்பானேன்.

ஆனால் அந்த 32 பேர்? “ஒரு மூலையில் இந்திய மாலுமிகள் முனகிக்கொண்டிருந்தார்கள்.” இப்படி ஒரு வரி. 46ல் 32 என்றால் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். மூன்றில் இரண்டு பங்கு ஆட்களை ஒரு மூலையில் எப்படி உட்காரவைத்தீர்கள்?

இவர்களை லஸ்கர்கள் என்பார்கள். அணைகளில் மதகு திறந்து மூடும் ஊழியரைக் குறிக்க நம்மிடம் இன்றும் புழங்குகிற அதே சொல். கப்பலின் அடிவயிற்றில் எந்திரம் பார்த்ததும், மேலே தளம் துடைத்ததும், பயணிகளுக்குச் சோறு பரிமாறியதும் இவர்கள்தான். அதே வேலைக்கு வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் ஒரு சிறு பங்குதான் இவர்கள் சம்பளம். போர் தொடங்கிய 1939லேயே, இந்தச் சம்பளத்துக்கு டார்பிடோ முன்னால் போய் நிற்க முடியாது என்று லஸ்கர்கள் பல கப்பல்களில் வேலைநிறுத்தம் செய்து சிறைக்கும் போனார்கள். இது ஒன்றே ஒரு நாவலுக்குப் போதும். பெனாரஸில் இருந்த கப்பல் ஊழியர்களில் பெரும்பாலோர் இவர்கள். இறந்த ஊழியர்களிலும் பெரும்பாலோர் இவர்களே.

பெயர் தெரியாதே, எப்படி எழுதுவது என்று சொல்வீர்கள். அந்தப் போரில் கடலில் மறைந்த பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் வெண்கலத் தகடுகளில் இருக்கின்றன. இந்திய மாலுமிகளின் பெயர்கள் அங்கே இல்லை. அவை ஏட்டில் இருக்கின்றன. மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைத்திருக்கும் நினைவேடுகளில். தகட்டில் இல்லை என்பதால் இல்லாமல் போய்விடவில்லை. தேடினால் கிடைக்கும். நாயகனின் சட்டைப் பொத்தான் என்ன நிறம் என்பதற்கு மூன்று நூலகம் ஏறி இறங்குகிற ஆட்கள்தானே நீங்கள்.

அவர்களைச் சேர்த்தால் கதை கனத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கதை அப்போதுதான் நகரும், சொல்லப்போனால் படகே அப்போதுதான் நகரும். நான் சும்மா சொல்லவில்லை. அந்தப் படகுகளில் வழக்கமான துடுப்பு வேலை இல்லை. இருக்கைகளுக்கு நடுவே நட்டுவைத்த கம்பிப் பிடிகள் இருந்தன. அவற்றை எல்லோரும் சேர்ந்து முன்னும் பின்னும் தள்ளினால் படகின் அடியில் உள்ள விசிறி சுழலும், படகு போகும். நீச்சலோ துடுப்போ தெரியாதவரும் தள்ளலாம். ஆனால் ஒருவர் இரண்டு பேர் தள்ளி ஆகிற காரியம் இல்லை, பல கைகள் வேண்டும். அந்தப் படகில் யாருடைய கைகள் அதிகம் இருந்தன?

எழுத்தில் நீங்கள் விட்டுவிடுகிற இந்த மாதிரி விஷயங்கள்தான் எங்கள் பிள்ளைகளுக்குத் தேன். கம்பிப் பிடி பற்றிச் சொன்னதும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, துடைப்பக் கட்டையைப் பிடித்து அரை மணி நேரம் தள்ளிப் பார்த்தார்கள். கை வலிக்கிறது என்றார்கள். கடல் தண்ணீரை ஏன் குடிக்கக் கூடாது என்பதும் அப்படித்தான். “குடித்தால் பைத்தியம் பிடிக்கும்” என்று ஒரு நாவலில் இருந்தது, அவ்வளவுதான். ஏன் என்று இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அவ்வளவு உப்பான சிறுநீரை நம் சிறுநீரகத்தால் உண்டாக்க முடியாது. ஆகவே குடித்த உப்பை வெளியே தள்ள, குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடம்பு தன் கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்யும். குடிக்கக் குடிக்கத் தாகம். இதைக் கரும்பலகையில் கூட்டல் கழித்தல் போட்டுக் காட்டினேன். கடன் வாங்கி வட்டி கட்டுவது மாதிரி என்றான் ஒரு பையன். இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது.

படகில் சாப்பிட பிஸ்கட் இருந்தது. ஆனால் வாயில் எச்சில் இல்லாததால் விழுங்க முடியவில்லை. பசியோடு கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பையன். இந்தக் காட்சியை எழுதத் திமிங்கிலமும் சுறாவும் எதற்கு?

எட்டாம் நாள், செப்டம்பர் 25, ஒரு விமானம் அவர்களைப் பார்த்தது. ஆந்தனி என்ற போர்க்கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது. அதற்குள் பையன்களின் வீடுகளுக்கு இறப்புச் செய்தி போயாகிவிட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் நீங்கள் எழுதுகிற அந்தக் கட்டிப்பிடி காட்சி உண்மையாகவே நடந்திருக்கிறது. அதை எழுதாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தத் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில், நம் பிள்ளையும் எங்காவது இன்னொரு படகில் இருப்பானோ என்று அதே செய்தியைப் படித்த ஒரு வீடு இருந்திருக்குமே. ஒரு பத்தி போதும். அந்த வாசலிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிரிட்டிஷ் அரசு இந்த விபத்துக்குப் பிறகு திட்டத்தையே நிறுத்திவிட்டது. அதுவரை போய்ச் சேர்ந்திருந்த பிள்ளைகள் 2,664 பேர்.

பதிப்புத் துறையில் இருக்கும் தோழி ஒருத்தியிடம் இதையெல்லாம் கொட்டினேன். “பிள்ளைகளுக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டாமா? சாவையே எழுதிக்கொண்டிருந்தால் யார் வாங்குவார்கள்?” என்றாள். நியாயமான கேள்விதான். அவளுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த இரவில் பெஸ் வால்டர் என்ற 15 வயதுப் பெண்ணும், பெத் கம்மிங்ஸ் என்ற 14 வயதுப் பெண்ணும் கவிழ்ந்த ஒரு படகின் அடிமரத்தைப் பற்றிக்கொண்டார்கள். ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம், நடுவில் கவிழ்ந்த படகு. விடிந்து, மறுநாள் ஹரிக்கேன் வந்து தூக்கும்வரை விடவில்லை. தூக்கியபோது அவர்கள் விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. (பின்னாளில் பெஸ், பெத்தின் அண்ணனை மணந்துகொண்டார். கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.)

அது தைரியம் இல்லை என்று யார் சொல்வார்கள்? நானும் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் அந்தப் படகைப் பிடித்திருந்தவர்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை. இன்னும் பலர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இரவு போகப் போக ஒவ்வொருவராக நழுவினார்கள். அவர்களும் பிடித்தவரை பிடித்துத்தான் பார்த்தார்கள். தைரியத்தை எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள், பிழைத்தவர்களுக்கு மட்டும் அதைப் பட்டா போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அவ்வளவுதான் நான் கேட்பது. நழுவிப்போன ஒருவரின் தைரியத்தையும் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பிள்ளைகள் தாங்குவார்கள். வீட்டில் தாத்தா இறந்ததைத் தாங்கியவர்கள்தான் அவர்கள்.

பதிப்பாளர்களிடம் கேட்பது இதைவிடச் சின்னது. நாவலின் கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். எது நடந்தது, எது எழுத்தாளர் கற்பனை, யார் உண்மையில் வாழ்ந்தவர் என்று அதில் சொல்லிவிடுங்கள். ஒரு வரைபடம் போடுங்கள். “இது நிஜமா?” என்று கேட்கும் பிள்ளைக்கு நான் கைபேசியைத் தேடாமல் பக்கத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் மூலத்தில் ‘நேட்டிவ்’ என்று ஏளனமாக இருக்கும் சொல்லை அப்படியே இறக்கிவைக்காதீர்கள்.

பன்னிரண்டாம் படகு பற்றி எனக்குத் தெரிந்ததை, நாவல் எதுவும் இல்லாமல், வாய்க்கதையாகவே போன மாதம் பிள்ளைகளுக்குச் சொன்னேன். முடித்ததும் வரையச் சொன்னேன். அந்தக் கேள்வி கேட்ட பெண், தாளில் ஒரு படகு போட்டுத் தலைகளை எண்ணி எண்ணி வைத்தாள். இருபத்தைந்தோடு படகு நிறைந்துவிட்டது. அழித்தாள். தாளைக் குறுக்காகத் திருப்பி இன்னொரு படகு போட்டாள். முப்பத்தெட்டு. மூன்றாவது தாளில் தலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒருவழியாக நாற்பத்தாறைக் கொண்டுவந்துவிட்டு என்னிடம் எடுத்து வந்தாள்.

“இவ்ளோ பேர் எப்படி மிஸ் தூங்கினாங்க? யார் மடியில யார் தூங்கினாங்க? அந்தப் பசங்க பேசுறது அந்த மாமாங்களுக்குப் புரியுமா? எட்டு நாளும் பேசிக்கவே இல்லையா?”

எனக்குத் தெரியவில்லை, எழுதுகிறவர்களைக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் தாள் நூலக அலமாரியின் கதவில் ஒட்டியிருக்கிறது. உங்களில் யார் எழுதினாலும் அனுப்புங்கள், ஒரு சனிக்கிழமை வாசித்துவிடுகிறோம்.

அன்புடன்,
பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் ஒருத்தி